மதிலில் பொட்டு இல்லை

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் முன்பு வேலி இருந்தது. கிளுவையும் பூவரசும் கதியாலாக ஊன்றித் தழைத்த வேலி. அதில் ஒரு பொட்டு, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு. உறைமோர் போனதும் அப்பம் வந்ததும் அந்தப் பொட்டால்தான். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீர் இரவு பத்து மணிக்கு வந்ததும் அதால்தான். இப்போது அந்த இடத்தில் ஆறடி மதில் நிற்கிறது. நான் கட்டுவித்தது. "இதில ஒரு சின்னப் படலை விடுவமே அண்ணை?" என்று மேசன் கேட்டார். தேவையில்லை என்றேன்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் என்னைப் போல எத்தனை பேர் தேவையில்லை என்றிருக்கிறோம் என்பது ஒழுங்கைகளில் நடந்தாலே தெரியும். இரண்டு பக்கமும் மதில். வெளிநாட்டுக் காசில் எழுந்தவை, அரச உத்தியோகக் கடனில் எழுந்தவை, சீட்டுக் காசில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தவை. மதிலைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஓலைக்கும் கிடுகுக்கும் ஆண்டுதோறும் செலவழிப்பதிலும் பார்க்க மதில் இலாபம் என்று கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதில் சேர்க்க வேண்டிய வரவொன்றை எழுதாமல் விட்டுவிட்டோம்.

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே நிற்பவர் குத்தூசியைக் குத்த, வெளியே நிற்பவர் அதில் கயிற்றைக் கோத்துவிட, திரும்ப இழுத்து இறுக்கிக் கட்ட வேண்டும். வெளியே என்பது அயலவரின் வளவு. ஆகவே ஆண்டுக்கு ஒரு தரமாவது அயலவரோடு ஓலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கதைக்காமல் ஒரு வேலியை அடைத்து முடிக்க இயலாது. கதியால் அரக்கியதென்று மல்லாகம் கோட்டுக்கு ஏறியவர்களும் எங்களில் உண்டு. அவர்களுக்கும் அடுத்த வருசம் வேலி உக்கியது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, குத்தூசி இன்னொரு பக்கம் நடந்தது.

துலாக் காலத்தைக் கண்டவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செம்மண் தோட்டத்தில் புகையிலைக்கோ வெங்காயத்துக்கோ இறைப்பதென்றால் விடியப்புறம் நாலு மணிக்கே கிணற்றடியில் ஆட்கள் நிற்க வேண்டும். ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற வேண்டும். ஒரு வீட்டில் இத்தனை ஆண்கள் ஏது? இன்றைக்கு என் தோட்டத்துக்கு நீ, நாளைக்கு உன் தோட்டத்துக்கு நான். கூலிப் பேச்சே இல்லை. இறைப்பு முடிந்தால் கிணற்றடியிலேயே பழஞ்சோறு. கிணறும் தனியொருவரின் கிணறாக இருந்தது குறைவு. காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் இன்றும் எழுதிக்கிடக்கின்றன. தண்ணீர்ப் பம்ப் வந்ததும் மிதிக்க ஆள் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறு வந்ததும் முறை பார்க்கவும் தேவைப்படவில்லை. உறுதியில் மட்டும் பங்கு மிஞ்சியது.

இந்தக் கைமாறலுக்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைத்ததில்லை. தெற்கில் சிங்களக் கமக்காரர்கள் ஒருவர் வயலுக்கு மற்றவர் முறை வைத்து இறங்குவதை 'அத்தம்' என்பார்கள். நாங்கள் 'உதவிக்குப் போறன்' என்பதோடு சரி. பெயர் இல்லாததால் அது போனதும் எங்களுக்குத் தெரியவில்லை.

பெண்களின் கணக்கை நாங்கள் எந்தக் காலத்திலும் எழுதியதில்லை. கலியாண வீடென்றால் நாலைந்து நாளுக்கு முன்பே அயல் பெண்கள் கூடி மா இடித்து, வறுத்து, அரியதரமும் பயித்தம் பணியாரமும் சுட்டுக் கடகம் கடகமாக அடுக்குவார்கள். பிள்ளைப்பெறு வீட்டுக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்க ஒருத்தி, மூத்த பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துச் சோறு தீத்த ஒருத்தி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு எந்த வீட்டிலிருந்து எந்த நேரம் வரும் என்பது சொல்லாமலே ஒழுங்காகியிருக்கும். இவ்வளவும் இன்று ஓடர் கொடுத்து வாங்கும் பொருட்கள். மண்டபத்துக்கு ஒரு காசு, சமையலுக்கு ஒரு காசு, பலகாரத்துக்கு ஒரு காசு, படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க வருபவருக்கு மாதக் காசு. காசு இருக்கிற வீடு கொடுக்கிறது. இல்லாத வீடு கடன் எடுக்கிறது. போருக்குப் பின் வடக்கில் நுண்கடன் கம்பனிகள் வாசல் வாசலாக வந்தபோது கையெழுத்து வைத்தவர்களில் மிகப் பலர் பெண்கள். 2018இல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அந்தக் கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் கடன்காரப் பெண்களைப் பற்றி நாங்கள் திண்ணையில் இருந்து இரக்கமாகப் பேசினோம். முன்பு கையால் தீர்ந்த எத்தனை தேவைகள் அவர்களுக்குக் காசுத் தேவைகளாக மாறின என்றோ, அதை மாற்றியதில் எங்கள் பங்கு என்ன என்றோ பேசவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் இது பழம்பெருமை பேசும் கட்டுரையாகிவிடும். நிறுத்த எனக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை.

அந்தப் பங்குக் கிணற்றில் யாருக்குப் பங்கு இருக்கவில்லை? எங்கள் ஊர்களில் ஒரு பகுதி மக்களை நாங்கள் கிணற்றுக்கட்டில் கால் வைக்க விடவில்லை. குடத்தோடு எட்ட நின்று, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். அதே மக்கள்தான் எங்கள் தோட்டம் கொத்தினார்கள், மரம் ஏறினார்கள், துணி வெளுத்தார்கள், எங்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்து நின்றார்கள். அதை உதவி என்று நாங்கள் சொல்லவில்லை, கடமை என்றோம். அவர்கள் எங்கள் வளவில் உழைத்த நாட்களுக்கு ஈடாக நாங்கள் அவர்கள் வளவுக்குப் போனோமா? அவர்களுடைய வேலிக்கு மறுபக்கம் நின்று எங்களில் ஒருவர் கயிறு கோத்துக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கைமாறு என்பது எங்களுக்குள் மட்டும்தான். மற்றவர்களிடம் எடுத்தோம், திருப்பிக் கொடுக்கவில்லை.

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பிறகும் 1968இல், எங்களுக்குக் கிட்டவுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக விடுங்கள் என்று மக்கள் போராட வேண்டியிருந்தது. ஊர்ப் பெருமை சொல்லச் சொன்னால் நாங்கள் தவில் மேதை தட்சிணாமூர்த்தி, நாதஸ்வர மேதை பத்மநாதன் என்று தொடங்கி, 1927இல் இங்கே பிறந்த கவிஞர் மஹாகவியில் வந்து நிற்போம். தேர் இழுக்க வந்த ஒருவனைச் சாதியின் பேரால் வீழ்த்தியதை, மனிதன் நிலவைத் தொட்ட செய்தியோடு பக்கத்தில் வைத்து எழுதியவர் அவர். 'தேரும் திங்களும்' என்ற அந்தக் கவிதையின் பெயர் எங்களுக்குப் பாடம். விழாவில் சொல்லுவோம். வடம் பிடித்த கைகளுக்குள் யாருடைய கை இல்லை என்று எண்ணிப் பார்ப்பது விழாவுக்கு உகந்ததல்ல என்று விட்டுவிடுவோம்.

கைமாறலைச் சின்ன வட்டத்துக்குள் வைத்திருந்ததால்தான் அது இவ்வளவு இலேசாகச் செத்தது என்று நான் நினைக்கிறேன். அந்த வட்டத்துப் பிள்ளைகள் 1983க்குப் பிறகு ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். வட்டத்தில் ஆள் இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களோடு கைமாறிப் பழக்கமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் மல்லாகம் கோணப்புலம் முகாமில் இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக இருந்தன. சைக்கிளில் போனால் கொஞ்ச நேரம். மயிலிட்டியிலும் பலாலியிலும் கடலும் தோட்டமும் கைவந்தவர்கள். அவர்களை நாங்கள் வெங்காயம் கிண்டவும் மிளகாய் ஆயவும் நாட்கூலிக்கு மட்டும் அறிந்தோம். அவர்களின் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லிக் கொடுக்க எங்களில் எத்தனை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள்! நாங்கள் போகவில்லை. அவர்களும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய முகத்தை நாங்கள் காட்டவுமில்லை.

எங்களுக்குத் தெரியாத வித்தையா இந்தக் கைமாறல்? 1990இல் மின்சாரம் போய், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கமாகியபோது நாலு தோட்டத்துக்கு ஒரு மெசின் வைத்து இறைத்தோம். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டும் கைப்பக்குவம் தெரிந்த பொடியன் வந்து மெசினை எழுப்பித் தந்தால் அவன் வீட்டுக்கு மரக்கறி போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளியேறியபோது தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மாட்டுக்கொட்டிலையும் ஒதுக்கித் தந்தார்கள். ஒரு அடுப்பில் ஐந்து குடும்பம் முறை வைத்துச் சமைத்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்து, செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக ஏறியபோது, வரிசையில் நிற்கப் போனவர் அயல் வீட்டுச் சிலிண்டரையும் கட்டிக்கொண்டு போனார். மற்றவர் அவருடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிக்கொண்டு வந்தார். பெற்றோல் வந்தது, விட்டுவிட்டோம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அயலை நாங்கள் பஞ்சத்துக்குரிய சாமானாக வைத்திருக்கிறோம்.

"நாங்கள் ஒருத்தரிட்டையும் கடமைப்படேல்லை." இந்த வசனத்தை எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். நானும் சொன்னவன். போன வருசம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆச்சி கூப்பிட்டா.

"தம்பி, முருங்கைக் கொப்பொண்டு கூரையில விழப்பாக்குது. ஒருக்கா வந்து வெட்டி விடுவியே?"

"ஆளொண்டு அனுப்பிறன் ஆச்சி. காசு நான் குடுக்கிறன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னா, "காசு என்னட்டையும் கிடக்கு மோனை. பிள்ளையள் அனுப்புதுகள். அதுக்கே உன்னைக் கூப்பிட்டனான்?"

கொப்பு வெட்டுப்பட்டது. கூலியும் கொடுபட்டது. கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. முடிந்துவிடுவதுதான் காசின் குணம். வேலிக் காலத்துக் கணக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை. யாரோ ஒருவர் எப்போதும் ஒரு நாள் உழைப்பைத் திருப்பித் தரவேண்டியிருக்கும், அதற்காகவே படலைகள் திறந்திருக்கும். நாங்கள் அந்த நிலுவையைச் சுமை என்று நினைத்து இறக்கி வைத்தோம்.

ஜப்பானில் மிசுஷிமா தெருகோ என்ற பெண்மணி 1973இல் ஒசாகாவில் வீட்டுப் பெண்களைச் சேர்த்து உழைப்பு வங்கி ஒன்று நடத்தினார். ஒரு மணித்தியாலம் ஒருவருக்கு வேலை செய்தால் ஒரு மணித்தியாலம் உங்கள் கணக்கில் வரவு. அமெரிக்காவில் எட்கர் கான் என்ற சட்டத்தரணி 1980களில் இதே யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். சட்டத்தரணியின் ஒரு மணித்தியாலமும் புல் வெட்டுபவரின் ஒரு மணித்தியாலமும் ஒரே விலை என்பது அவருடைய பிடிவாதம். இதைப் படித்தபோது, 'இது எங்கள் பாட்டன் செய்ததுதானே' என்றுதான் முதலில் வாயில் வந்தது. இல்லை. எங்கள் பாட்டன் அதில் பாதியைத்தான் செய்தார். எல்லாருடைய மணித்தியாலமும் சமம் என்ற மற்றப் பாதியை அவர் செய்யவில்லை, நாங்களும் செய்யவில்லை.

இந்த வருசம் எங்கள் குறிச்சிச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை போடும் மேசையில் ஒரு சீயார் கொப்பி வைத்தோம். கோடு போட்டு மூன்று நிரல்: பெயர், செய்யக்கூடியது, தேவைப்படுவது. மேலே ஒருவர், ஒரு மணித்தியாலம் எல்லாருக்கும் ஒரு மணித்தியாலம்தான் என்று எழுதிவைத்தார். ஒரு மாதத்தில் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள், எங்கள் ஒழுங்கைக்கு வெளியே இருந்தும் நாலு பேர். ஆங்கிலம் படிப்பிக்கலாம், மோட்டர் திருத்தலாம், தையல், ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கூட்டிப் போகலாம், இடியப்பம் அவித்துத் தரலாம். இரண்டாம் நிரல் நிறைந்து வழிகிறது.

மூன்றாம் நிரலில் ஒரே ஒரு பதிவு. ஆச்சியின் பேரப்பிள்ளை அவவுக்காக எழுதியது: பின்னேரத்தில் கொஞ்ச நேரம் வந்திருந்து கதைக்க ஆள். மற்றப் பதினாறு பேருக்கும் ஒன்றும் தேவையில்லையாம். முழங்கால் நோவோடு தனியே மருந்தெடுக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கக் கண் தெரியாதவர்களையும் தெரியும். அவர்களும் அந்தப் பதினாறுக்குள்தான்.

என்னுடைய வரி ஒன்பதாவது. அதிலும் மூன்றாம் நிரல் வெறுமையாகக் கிடக்கிறது.