நஞ்சும் நச்சரிப்பும்

பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முதலில் புதுச்சேரி தடுத்தது. 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடும் தடுத்தது. சென்னைக் கடற்கரையில் விற்றவர்களிடம் எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி கலந்திருந்தது சோதனையில் தெரிந்திருக்கிறது. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் துளிகூடச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. குழந்தைகளின் வயிற்றுக்குள் அது போகக் கூடாது. தடுத்தது சரி, இன்னும் முன்னாலேயே தடுத்திருக்கலாம்.

என்னைக் கொதிக்க வைத்தது அதற்கடுத்து எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு. பஞ்சு மிட்டாய்த் தடையை வரவேற்கிறார்களாம். இதே கையோடு மணி அடித்துக்கொண்டு வருகிற ஐஸ் வண்டி, பலூன்காரர், சோன்பப்டிக்காரர் யாருக்கும் இனி வளாகத்துக்குள் அனுமதி கிடையாதாம். பீப்பி, விசில் போன்ற 'சத்தம் போடும் சாமான்களை'ப் பெற்றோர் தயவுசெய்து வாங்கித் தர வேண்டாமாம். அறிவிப்புக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சாயத்துக்கு வந்த தடையைக் காட்டிப் பீப்பிக்கும் பூட்டுப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றா? ஒன்று நஞ்சு, இன்னொன்று நச்சரிப்பு. நஞ்சைத் தடுக்க அரசாங்கம் வேண்டும், ஆய்வகம் வேண்டும், அபராதம் வேண்டும். நச்சரிப்புக்கு வீட்டில் இருக்கிற பெரியவர்களின் பொறுமை வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாசலுக்கு வெளியே எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பஞ்சு மிட்டாயிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சர்க்கரை. உருக்கி, வேகமாகச் சுழற்றி, சின்னத் துளைகள் வழியே நூலாகச் சிதறவிட்ட சர்க்கரை. இதற்கான இயந்திரத்தை 1897இல் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் நாஷ்வில் ஊரைச் சேர்ந்த வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும். வெள்ளையாக விற்றாலும் அது பஞ்சு மிட்டாய்தான், அதே இனிப்புதான். புதுச்சேரியில் உணவுப் பாதுகாப்புத் துறையின் சான்று வாங்கினால் விற்கலாம் என்று ஒரு வழியையாவது திறந்து வைத்தார்கள். கழி நிறையப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வெயிலில் மணலில் நடக்கிற இளைஞர்களில் பலர் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு எந்த நிறம் ஆகும், எது ஆகாது என்று அவர்கள் மொழியில் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்று கேட்க வேண்டும்.  

 முன்பு ஒரு முறை ஜவ்வு மிட்டாய்க்காரரின் கழி உச்சியில் கைதட்டும் பொம்மையைப் பற்றி எழுதியபோது, 'அந்தக் கையால் மிட்டாயைப் பிசைந்து கட்டிவிடுகிற வாட்சைக் குழந்தைக்கு வாங்கித் தரச் சொல்கிறீர்களா?' என்று கோபமாக வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கையைக் கழுவச் சொல்லலாம், கையுறை போடச் சொல்லலாம். ஆளையே வராதே என்று சொல்வது வேறு.

இப்போது பீப்பிக்கு வருகிறேன். பெற்றோருக்குப் பிடிக்காத விளையாட்டுச் சாமான்கள் என்று ஒரு வரிசை எல்லார் மனத்திலும் இருக்கிறது. அமுக்கினால் டிக் டிக் என்கிற தகரத் தவளை. கயிற்றில் இரண்டு குண்டைக் கட்டி மேலும் கீழும் மோதவிடுகிற டக் டக் பந்து. 2023இல் இந்தோனேசியாவில் 'லாத்தோ லாத்தோ' என்ற பெயரில் அது பரவி, சில இடங்களில் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு போடும் அளவுக்குப் போனது. இழுத்துக்கொண்டு ஓடினால் மண் கிண்ணத்து மேளம் அடிக்கிற மூங்கில் வண்டி. ஊதினால் சுருள் நீண்டு அடுத்தவர் மூக்கைத் தொடுகிற காகிதப் பீப்பி. இவற்றுக்கெல்லாம் மேலே, என் கணக்கில் முதல் இடம், திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தட்டில் சுற்றிச் சுற்றி வருகிற தகரப் படகுக்கு. எங்கள் பக்கத்தில் அதற்கு டுபுடுபு போட் என்று பெயர்.

அந்தப் படகில் மோட்டார் இல்லை, சாவி இல்லை, பேட்டரி இல்லை. வெட்டி மடித்துப் பற்றவைத்த தகரம். நடுவில் தட்டையான ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கிளம்பிப் படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் முடிகின்றன. முதலில் ஒரு குழாயில் தண்ணீரை ஊற்ற வேண்டும். மற்றக் குழாய் வழியே காற்று வெளியேறித் தண்ணீர் எட்டிப்பார்த்தால் பெட்டி நிரம்பிவிட்டது. பிறகு தகரக் கரண்டியில் எண்ணெய்த் திரியை ஏற்றிப் பெட்டிக்கு அடியில் தள்ள வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பொறுமை போகிற கட்டத்தில் படகு ஒரு முறை நடுங்கும். டுப். பிறகு டுபுடுபுடுபு என்று கிளம்பிவிடும்.

பெட்டிக்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி குழாயில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிறது. குழாய்க்குள் வந்த ஆவி குளிர்ந்து சுருங்க, வெளித் தண்ணீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. திரும்பவும் கொதி, திரும்பவும் தள்ளு. பெட்டியின் மேல்மூடி மிக மெல்லிய தகடு. ஆவி முட்டும்போது அது வெளியே புடைக்கிறது, சுருங்கும்போது உள்ளே குழிகிறது. எண்ணெய் டின்னின் அடியை அமுக்கினால் டொக்கென்று கேட்குமே, அந்தச் சத்தம்தான், நொடிக்குப் பல தடவை. 1891இல் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட படகுக்குக் காப்புரிமை கேட்டார். மெல்லிய தகடு வைத்த பெட்டிக்குப் பிறகு விண்ணப்பித்தவர் சார்லஸ் மெக்ஹியூ என்ற அமெரிக்கர். தகடு இல்லாமல், வெறும் குழாயைச் சுருளாக வளைத்துச் செய்கிற படகும் ஓடும். ஆனால் அதில் இந்தச் சத்தம் இருக்காது. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2008இல் எடுத்த 'போன்யோ' படத்தில் மெழுகுவத்தியால் ஓடுகிற இதே படகுதான் மந்திரத்தால் பெரிதாகி, ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் போகிறது.

மாசி மகத்துக்குப் போட்டிருந்த கடைகளில் இந்தப் படகு ஒன்றை வாங்கிவந்தேன். அறிவிப்பைப் படித்த சூட்டோடு போனேன் என்பதை மறைக்கவில்லை. துணி அலசுகிற பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, பேரனை எதிரே உட்கார வைத்துத் திரியை ஏற்றினேன். அவன் மூன்றாம் வகுப்பு. படகு இரண்டு சுற்று வருவதற்குள் என் மகள் அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"ஏம்மா, அவன்கிட்ட போய் நெருப்பெல்லாம் குடுக்கிற?"

"அவன்கிட்ட குடுக்கலடி, நான்தான் வச்சிருக்கேன்."

"வீடெல்லாம் எண்ணெய்ப் புகை. இந்தச் சத்தம் வேற. நாளைக்கு நீ தூங்கும்போது அவனே கொளுத்தினா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. தீப்பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதை அன்றே முடிவு செய்தோம், பரணுக்கு ஏற்றியாகிவிட்டது. தகர விளிம்பு விரலைக் கீறும் என்றும் சொன்னாள். அதுவும் உண்மை. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

இதற்கிடையில் பேரன் டப்புக்குள் கையை விட்டிருந்தான். படகின் வாலுக்குப் பின்னால் விரலை வைத்து, "பாட்டி, தண்ணி குத்துது" என்றான். விரலை ஓரமாக நகர்த்தினான். அங்கே குத்தவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெளிய தள்ளுதுன்னா முன்னாடி போகும். நீ உள்ளயும் இழுக்குதுன்னு சொன்னியே, அப்ப பின்னாடியும் வரணும்ல?" என்றான்.

சரியான கேள்வி. படகைத் தள்ளுகிற அதே குழாய்தான் தண்ணீரை இழுக்கவும் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு படகு நின்ற இடத்திலேயே ஆட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் சொல்லித் தரவில்லை. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ஊதி அணை என்றேன். அணைத்தான். மறுபடி ஏற்றி, அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணை என்றேன். எவ்வளவு இழுத்தாலும் சுடர் அசையவில்லை. ஊதும்போது காற்று ஒரே திசையில் பாய்கிறது, இழுக்கும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. குழாயும் அப்படித்தான். வெளியே போகிற தண்ணீர் ஒரே நேர்கோட்டில் பீய்ச்சுகிறது, உள்ளே வருகிற தண்ணீர் சுற்றுமுற்றும் இருந்து மெல்லச் சேர்கிறது. அதனால் தள்ளலே ஜெயிக்கிறது. அதன் பிறகு அவன் படகைப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. மகளும் கையில் கரண்டியோடு அங்கேயேதான் நின்றாள். குக்கர் விசில் அடித்த பிறகுதான் போனாள்.

இந்தச் சாமான்களின் மேல் பெரியவர்களுக்கு இருக்கிற எரிச்சலில் சத்தத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. இவை பெரியவரைக் கூட வந்து உட்காரச் சொல்கின்றன. திரியை யாராவது ஏற்ற வேண்டும், சிந்திய தண்ணீரை யாராவது துடைக்க வேண்டும், வண்டியின் அறுந்த நூலை யாராவது முடிய வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற தாய்க்கும் தகப்பனுக்கும் அது பாரம்தான். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பீப்பிக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வகுத்துக் கொடுங்கள், மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால் அதைக் குழந்தையிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளும். இதற்கு அறிவிப்பு எதற்கு?

உண்மையில் பயப்பட வேண்டியவை சத்தமே போடாமல் வீட்டுக்குள் வருகின்றன. விளக்கு மின்னுகிற மலிவான பொம்மைகளுக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். சின்னச் சின்னக் காந்த உருண்டைகளை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது இது போன்ற ஆபத்துகளுக்காகத்தான். நல்ல உத்தரவு. கைவினைஞராகப் பதிவு செய்துகொண்டவர்கள் செய்கிற பொம்மைகளுக்கு அதில் விலக்கும் உண்டு. ஊர் ஊராகத் திருவிழா தேடிப் போகிற தகரப் படகுக்காரர் அந்தப் பதிவுக்கு எந்த அலுவலகப் படியை ஏறுவார், அவருக்கு யார் வழிகாட்டுவார்கள் என்பதுதான் என் கவலை. படகின் மேல் பூசுகிற பெயின்டில் ஈயம் இருக்கக் கூடாது. அதைச் சோதிக்கட்டும், ஈயமில்லாத பெயின்ட் அவர் கைக்குக் கிடைக்க வழி செய்யட்டும். படகு மட்டும் கடையில் இருக்கட்டும்.

சங்கத்துக்கு என் பதிலை எழுத்தில் கொடுத்துவிட்டேன். சாயம் போட்ட எதையும் வாசலுக்குள் விட வேண்டாம், மணிச் சத்தத்தை உள்ளே விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் பேசவும் நேரம் கேட்டிருக்கிறேன்.

 கடையில் படகு வாங்குகிறவர்கள் மேல்தகட்டைப் பெருவிரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். சட்டென்று குழிந்து சட்டென்று மேலே வந்தால் நல்ல படகு, தடித்துக் கிடந்தால் ஓடினாலும் சத்தம் வராது. ஒரு குழாயில் ஊதினால் மற்றக் குழாயில் காற்று வர வேண்டும், வராவிட்டால் பற்றவைத்த ஈயம் உள்ளே அடைத்திருக்கிறது. ஈயம் என்பதால் ஊதிய பிறகு வாயைக் கொப்பளித்துவிடுங்கள், குழந்தையை ஊதவிடாதீர்கள். திரிக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும். பெட்டியில் தண்ணீர் இல்லாமல் மட்டும் திரியை உள்ளே தள்ளிவிடாதீர்கள், பற்று உருகிவிடும்.