கிழக்கே போனால் பின்னால் போகும் கடிகாரம்

டிசம்பர் மாதம். அசாமின் திப்ரூகரில் மாலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. குஜராத்தின் துவாரகையில் அப்போது நல்ல வெயில். அங்கே பொழுது சாய ஆறு மணி தாண்டிவிடும். ஆனால் இரண்டு ஊரிலும் கடிகாரம் காட்டுவது ஒரே மணிதான். இது நியாயமா?

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம். அதாவது 360 டிகிரிக்கு 24 மணி. ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சுற்றுவது மேற்கிலிருந்து கிழக்காக என்பதால் கிழக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் முதலில் வரும். துவாரகைக்கும் திப்ரூகருக்கும் இடையே சுமார் 26 டிகிரி. நாலால் பெருக்கினால் 104 நிமிடம். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம்!

ஒரு காலத்தில் இந்தியாவில் இந்தக் கணக்குப்படியே ஊருக்கொரு நேரம் இருந்தது. பம்பாய்க்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று. சென்னை 80¼ டிகிரியில் இருப்பதால் மதராஸ் நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. ரயில்கள் அந்த மதராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906-ல் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி என்ற பொது நேரம் வந்தது. சென்னைக்கு இதனால் வெறும் 9 நிமிட வித்தியாசம். யாரும் கவனிக்கப் போவதில்லை. திப்ரூகருக்கோ 50 நிமிடம். ஜூன் மாதத்தில் அங்கே நாலேகால் மணிக்கே விடிந்துவிடும். அலுவலகம் திறப்பதற்குள் பாதிக் காலை வீண். மாலையில் வேலை முடியும் முன்பே விளக்கு போட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பங்களாதேஷின் நேரம் கிரீன்விச்சை விட ஆறு மணி முன்னால். டாக்காவிலிருந்து இன்னும் கிழக்கே போய் அசாமுக்குள் நுழைந்தால் கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும் என்றுதானே தோன்றும்? இல்லை, அரை மணி பின்னால் தள்ள வேண்டும்!

அசாம் தேயிலைத் தோட்டங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. அங்கே 'பாகான் டைம்' என்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரம் வைப்பது வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம். ஆனால் தோட்டத்துக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அந்த வசதி இல்லை.

இரண்டு நேரம் வைத்தால் ரயில்கள் குழம்பும், விபத்து நடக்கும் என்கிறார்கள். பயம் நியாயமானதே. ஆனால் தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள் 2018-ல் இதற்கும் யோசனை சொன்னார்கள். கிழக்கே ஆறரை மணி நேரம், எல்லை மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் நடுவே. அந்தக் குறுகலான பகுதியைக் கடக்கும் ரயில் பாதைகள் மிகக் குறைவு. அவற்றைச் சமாளிப்பது முடியாத காரியமா என்ன?

ஒரே நாடு என்றால் ஒரே கடிகாரம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் பல நேரங்களை வைத்துக்கொண்டு உடைந்து போகவில்லை. கடிகாரத்தை மனிதன் மாற்றலாம், பூமியின் சுழற்சியை மாற்ற முடியாது. வடகிழக்கு மக்கள் கேட்பது தனிச் சலுகை அல்ல. அவர்கள் ஊரில் ஏற்கெனவே விடிந்துவிட்ட காலைப் பொழுதைத்தான்.