ஆட்டிசமா, ஏ.டி.ஹெச்.டி-யா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

இரண்டரை வயதுக் குழந்தை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ‘அவங்க அப்பாவும் மூணு வயசு வரைக்கும் பேசல, தானா சரியாயிடும்’ என்கிறார் பாட்டி. மனசு கேட்காமல் ராத்திரி போனை எடுத்துத் தேடுகிறார் அம்மா. ‘ஒரே நாளில் ரிப்போர்ட்’, ‘அசெஸ்மென்ட் இலவசம், தெரபிக்குத் தள்ளுபடி’ என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. இன்னொரு பக்கம், ஆபீஸில் எந்த வேலையையும் முடிக்க முடியாமல் திணறும் 27 வயது இளைஞர், நாலு ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘எனக்கு ஏ.டி.ஹெச்.டி-தான்’ என்று முடிவே கட்டிவிடுகிறார்.

ஒருவர் தள்ளிப்போடச் சொல்கிறார், இன்னொருவர் உடனே பணம் கட்டச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலே இருப்பதுதான் பிரச்னை.

ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. ஆட்டிசத்தையோ, கவனச்சிதறலும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.ஹெச்.டி-யையோ ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் உறுதி செய்யாது. குழந்தையின் வளர்ச்சி வரலாறு, பெற்றோர் சொல்வது, ஆசிரியர் சொல்வது, நிபுணர் நேரில் கவனிப்பது எல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஏ.டி.ஹெச்.டி என்றால் வீடு, பள்ளி என குறைந்தது இரண்டு இடங்களில் அறிகுறிகள் தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ கேள்வித்தாளில் 20 கேள்விகள் உண்டு. ஆனால் அது முதற்கட்ட சலிப்பு மட்டுமே. ஆன்லைனில் டிக் அடித்து வரும் மார்க், நோய்க்கணிப்பு ஆகாது.

முதலில் யாரிடம் போவது?

பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் நல டாக்டர், அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.ஹெச். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. காது கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. பெரியவர்களுக்கும் இதே கதைதான். தூக்கக் குறைவு, தைராய்டு, மனப்பதற்றம் இவையும் கவனத்தைக் கெடுக்கும்.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஆட்டிசமும் ஏ.டி.ஹெச்.டி-யும் உண்டு. சந்தேகம் இருந்தால் டி.இ.ஐ.சி எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. பெரியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி சீட்டு போட்டுப் பார்க்கலாம். யாரிடம் பேசுவது என்றே புரியவில்லை என்றால், 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

தனியார் மையம் என்றால்..?

தனியாரிடம் போவதில் தவறில்லை. ஆனால் போர்டைப் பார்த்துப் போகாமல், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று பார்த்துப் போக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இவற்றைக் கேட்டுவிடலாம்:

• மதிப்பிடுபவர் யார்? குழந்தைகள் நல டாக்டரா, மனநல டாக்டரா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா? டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

• எத்தனை அமர்வு, எவ்வளவு நேரம்? அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால் யோசிக்கணும்.

• பள்ளியிடமும் விவரம் கேட்பார்களா?

• எந்த அளவுகோல் பயன்படுத்துவார்கள்? தமிழில் பேசும் குழந்தையைத் தமிழிலேயே மதிப்பிடுவார்களா?

• எழுத்துபூர்வ ரிப்போர்ட் தருவார்களா, மொத்தச் செலவு எவ்வளவு?

• தெரபியை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு முகம் சுளித்தால், அங்கே அசெஸ்மென்ட் என்பது பேக்கேஜ் விற்கும் வாசல் என்று புரிந்துகொள்ளலாம்.

‘முழுசா குணப்படுத்திடுவோம்’ என்று யாராவது உறுதி கொடுத்தால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது. ஆட்டிசம் குணப்படுத்தும் நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பயிற்சியால் பேச்சும் பழகும் திறனும் நிறையவே மேம்படும்.

சான்றிதழ் விஷயம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தனியார் ரிப்போர்ட் வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு. ஏ.டி.ஹெச்.டி தனியாக இல்லை. அதனால் ‘ஏ.டி.ஹெச்.டி-க்கு அரசு சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்று சொல்பவர்களிடம் உஷார். ஆட்டிசத்துக்கான சான்றிதழையும் யு.டி.ஐ.டி அட்டையையும் அரசு அங்கீகரித்த மருத்துவக் குழு வழியாகத்தான் பெற முடியும். அந்த மதிப்பீட்டுக்கென 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அரசு உதவிகளும் பள்ளிச் சலுகைகளும் எளிதில் கிடைக்கும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை கிடைக்கவும் வழி உண்டு.

வரிசை நீளம்... என்ன செய்வது?

அரசு மையத்தில் காத்திருக்க வேண்டி வரலாம். அதற்காகக் குழந்தையின் நாட்களும் காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட் வரும் முன்பே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம் என்பதை டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மொபைலைக் குறைத்து, கண் பார்த்துப் பேசி, கூடவே விளையாடுவதற்கு எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டிவிட முடியாது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் மையத்துக்கு ஒருமுறை போய்வந்தால், கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. அப்படிப்பட்ட மையம் இருப்பதே தெரியாதவர்தான் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்குகிறார். தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருக்கும் அங்கன்வாடிச் சுவரில், மாவட்ட மையத்தின் முகவரியையும் போன் நம்பரையும் எழுதிவைக்க பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. அரசு அதையாவது உடனே செய்யணும். ‘தானா சரியாயிடும்’ என்று சொல்லும் பாட்டியின் கண்ணில் படும்படி எழுதினால் இன்னும் நல்லது.