சொந்த மைதானம் எங்கே?



2025 அக்டோபர் 22 அன்று கோவா ஃபத்தோர்தா மைதானத்தில் எஃப்.சி. கோவா அணி சவூதியின் அல் நஸர் அணியோடு மோதியது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ போட்டி. ரொனால்டோ வரவில்லை என்று பலருக்கும் வருத்தம். என் கண்ணில் பட்டது வேறு. கோவா 1-2 என்று தோற்றது, ஆனால் அந்த ஒரு கோலை அடித்த பிரைசன் ஃபெர்னாண்டஸ் கோவா மண்ணின் பிள்ளை. சொந்த ஜனத்தின் முன்னால் அடித்தார்.

அந்தக் கொடுப்பினை நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை.

2018-19 ஐ-லீக்கை நினைத்துப் பாருங்கள். கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அதற்கு முந்தைய சீசன்வரை ஆடி, இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய அணி அது.

கோப்பை வென்றதால் ஆசியப் போட்டிக்கு வழி திறந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்று, அடுத்த நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பைக்கு வந்தார்கள். மார்ச் 11 அன்று மாலத்தீவின் மாசியா அணியோடு 'சொந்த மைதான' ஆட்டம். எங்கே தெரியுமா? கோவையில் இல்லை, சென்னையிலும் இல்லை. அகமதாபாத்தில்! 2-2 என்று சமன். பிறகு கொரோனா வந்தது, செப்டம்பரில் போட்டியையே ரத்து செய்தார்கள். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

2019-இல் சென்னையின் எஃப்.சி.யும் இதே கோப்பைக்கான சொந்த ஆட்டங்களுக்கு அகமதாபாத்துக்குத்தான் போனது. பிரிவில் முதலிடம் பெறும் அணிக்குத்தான் அடுத்த சுற்று. டாக்கா அபஹானி முந்திக்கொண்டது.

அந்தச் சமயம் என் பழைய மாணவன் ஒருவன், கடற்கரைக்காரப் பையன், போனில் கேட்டான்: "சார், ஹோம் மேட்சுன்னா நம்ம ஊருல நடக்கணும்லா? பெறகு எதுக்கு அகமதாபாத்து?" நாற்பது பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கும் பதில் சொன்ன வாத்தியார் நான். அன்று வாயடைத்துப் போனேன்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் போனால் பந்து உதைக்காத பிள்ளையைப் பார்ப்பது அரிது. அப்பன்மார் ஆழ்கடலில் குஜராத் பக்கம்வரை போய் மீன் பிடிப்பவர்கள். 2017 ஒக்கிப் புயல் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அப்பன் குஜராத் கடலுக்குப் போவது பிழைப்புக்காக. மகன் தன் 'சொந்த' மைதானத்தைத் தேடி குஜராத் போக வேண்டுமென்றால் அது யார் குற்றம்?

ஒரு நண்பர் சொன்னார்: "கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். முதலில் ஊருக்கு ஒரு புல்தரை போடட்டும், ஆசியா பிறகு." பாதி நியாயம். பிள்ளைகள் ஆடிய மணல்வெளியைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. கடலரிப்பு எட்டாத இடத்தில் ஊருக்கொரு மைதானம் வேண்டும், அதுதான் முதல் வேலை.

ஆனால் மறு பாதி தவறு. நாம் கோழியைப் பிடித்துவிட்டோம் ஐயா! இந்தியக் கோப்பையையே ஜெயித்தோம். அடைக்கத்தான் கூடு இல்லை.

ஆசியக் கூட்டமைப்பு மைதானத்துக்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மின்விளக்கு, இருக்கை, உடை மாற்றும் அறை, மருத்துவ வசதி இப்படி. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கால்பந்துக்கென்றே அப்படி ஒரு மைதானம் நம் மாவட்டத்தில் ஏன் வரக் கூடாது? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். பங்குப்பேரவையில் பேசுங்கள், கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

சொந்த மண்ணில் ஆடுவது சலுகை இல்லை. போட்டி விதியே எல்லா அணிக்கும் தருகிற உரிமை அது. அதை நம் பிள்ளைகள் மட்டும் ஏன் அயலூரில் போய் அனுபவிக்க வேண்டும்?

அந்த மாணவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.