கம்பெனிக்கு எட்டுப் படி, கஸ்டமருக்கு ஒரே வரி

வாரண்டின்னா என்ன? பொருள் கெட்டுப்போனா சரி பண்ணித் தருவோம்னு கம்பெனி குடுக்கிற வாக்கு. இது நாம நினைக்கிறது. யார் தப்புன்னு நாங்களே விசாரிச்சு, நாங்களே தீர்ப்பும் சொல்லுவோம்... இது நடக்கிறது :-)

சுங்குவார்சத்திரத்துல நண்பர் ஒருத்தர் கல்யாண வீடியோ எடுக்கிறார். போன வருஷம் ட்ரோன் வாங்கினார். பில் இருக்கு, ஒரு வருஷ வாரண்டி இருக்கு. நாலாவது மாசமே கேமராவைத் தாங்குற கிம்பல் மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. ஆன் பண்ணினா கேமரா தலையாட்டும், அப்புறம் ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னுடும், திரையில 'மோட்டார் ஓவர்லோட்'னு வரும். வெளி மாநில சர்வீஸ் சென்டருக்குக் கூரியர்ல அனுப்பினார். மூணு வாரம் கழிச்சு ஒரு வரி மெயில்: "பிசிகல் டேமேஜ், வாரண்டி பொருந்தாது." ரிப்பேர் செலவு ட்ரோன் விலையில கிட்டத்தட்ட பாதி. எந்த இடத்துல டேமேஜ், போட்டோ இருக்கான்னு கேட்டா, அதே வரி மறுபடியும் வருது. இவர் கையில மூணு கல்யாண அட்வான்ஸ். மூணுக்குமே ட்ரோன் ஷாட் உண்டுன்னு சொல்லி வாங்கினது. வாடகை ட்ரோன் எடுத்தா கையில ஒண்ணும் நிக்காது.

கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. இது ஒரு கம்பெனியோட வியாதி இல்லை.

கிம்பல்ங்கிறது பெரிய மந்திரம் எல்லாம் கிடையாது. மூணு குட்டி மோட்டார், சாய்வைக் கண்டுபிடிக்கிற சென்சார், காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு பட்டைக் கேபிள். காத்துல ட்ரோன் இந்தப் பக்கம் சாய்ஞ்சா, மோட்டார் கேமராவை அந்தப் பக்கம் திருப்பும். அதனாலதான் படம் ஆடாம வருது. இது கீழே விழுந்தாலும் கெடும். ஃபேக்டரியில கேபிளைச் சரியா மடிச்சு வைக்கலைன்னாலும் கெடும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டுமே ஒரே தலையாட்டல்தான்.

அப்ப எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? ட்ரோன் பறக்கும்போதே லாக் எழுதிக்கிட்டே இருக்கு. எந்த நொடியில எவ்வளவு சாய்ஞ்சது, எப்ப அதிர்ச்சி வாங்கினது எல்லாம் அதுல இருக்கும். எங்கேயாவது மோதியிருந்தா கிராஃப்ல ஈட்டி மாதிரி எழும்பி நிக்கும். ஆனா பல ட்ரோன்கள்ல அந்த லாக்கை முழுசாப் படிக்கிற வசதி கம்பெனிகிட்டதான். குற்றம் சாட்டுறவங்ககிட்டயே சாட்சியும் இருக்கு!

சரி, மேட்டருக்கு வருவோம். நான் பொட்டி தட்டுறது ஒரகடம் பக்கம், ஃபேக்டரி லைனுக்கான டெஸ்டிங் சாஃப்ட்வேர்ல. இங்க ஒரு சப்ளையர் கார் கம்பெனிக்கு அனுப்பின பார்ட்ஸ்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னு வச்சுக்குங்க. "உங்க ஆளுங்க கீழே போட்டிருப்பாங்க"ன்னு ஒரு வரி மெயில் அனுப்பிட்டு டீ குடிக்கப் போக முடியுமா? நம்ம டேமேஜரே விடமாட்டார். 8டி ரிப்போர்ட் கேப்பாங்க. என்ன கோளாறு, மத்த பீஸ்ல பரவாம இப்போதைக்கு என்ன செஞ்சீங்க, மூல காரணம் என்ன, திரும்ப வராம இருக்க என்ன வழின்னு எட்டுப் படி. 1987-ல இந்த முறையை எழுதி வச்சது ஃபோர்டு. ஆமா, 2022 வரைக்கும் நம்ம மறைமலை நகர்ல கார் பண்ணின அதே ஃபோர்டுதான்.

அதாவது, வாங்குறது இன்னொரு கம்பெனின்னா எட்டுப் படி விளக்கம். வாங்குறது சுங்குவார்சத்திரம் வீடியோக்காரர்னா ஒரே வரி. எனக்கு இதுதான் ஆறமாட்டேங்குது.

"ஒவ்வொரு பீஸுக்கும் எங்கே விவரம் வச்சிருக்கிறது?"ன்னு யாரும் சொல்லிட முடியாது. 2007 ஆகஸ்ட்ல நோக்கியா பிஎல்-5சி பேட்டரி விவகாரம் ஞாபகம் இருக்கா? 4.6 கோடி பேட்டரி சூடாக வாய்ப்பு இருக்குன்னு கம்பெனியே அறிவிச்சது. எல்லாம் 2005 டிசம்பர்ல இருந்து 2006 நவம்பருக்குள்ள மட்சுஷிதா செஞ்சது. பேட்டரியில இருந்த 26 எழுத்து அடையாள எண்ணைப் பார்த்தே, மாத்தணுமா வேண்டாமான்னு சொல்லிட்டாங்க. ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் ஆலை வச்சிருக்கிற ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாசம் இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 பைக்கைத் திரும்ப அழைச்சது. எந்த மாசத்துக்கும் எந்த மாசத்துக்கும் நடுவுல செஞ்ச வண்டின்னு சொல்ல முடிஞ்சுது. லட்சக்கணக்குல தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச தொழில்ல, ஒரே ஒரு கிம்பலைப் பத்தி ஒரு பக்கம் எழுத முடியாதா?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. மரத்துல மோதிட்டு "தானா கெட்டுச்சு"ன்னு வர்றவங்க உண்டு. அவங்களுக்கும் இதே மருந்துதான்: லாக்கைக் காட்டுங்க, வாயை மூடிக்கிட்டுப் போயிடுவாங்க. 2022 பிப்ரவரியில மத்திய அரசு முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுச்சு, உதிரிபாகத்துக்குப் போடலை. அதனால இங்க அசெம்பிள் பண்றவங்களுக்கு கிம்பல் வெளியில இருந்து வரலாம். கஸ்டமர் புகாரை எல்லாம் 'பிசிகல் டேமேஜ்'னு மூடிட்டா, கிம்பல் செஞ்சவன்கிட்ட எதைக் காட்டி 8டி கேப்பீங்க? நஷ்டம் உங்களுக்கும்தான் சாமி.

நான் கேக்கிறது எட்டுப் படி இல்லை, மூணே மூணு:

1. பார்சலைப் பிரிச்சப்ப எடுத்த போட்டோ, டேமேஜ் எங்கேன்னு குறிச்சு.
2. மோதினதைக் காட்டுற லாக் வரி, தேதி நேரத்தோட.
3. அதே லாட்ல வேற யாருக்காவது இதே கோளாறு வந்திருக்கான்னு ஒரு பதில்.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது: பார்சல் கட்டும் முன்னாடி சீரியல் எண் தெரியற மாதிரி, கோளாறையும் சேர்த்து ஒரே வீடியோவா எடுங்க. லாக்கை காப்பி பண்ணி வைங்க. பேச்சு எல்லாம் மெயில்ல இருக்கட்டும். மசியலைன்னா 1915-க்கு அடிங்க. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற, இல்லை வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் குடுக்கலாம். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ஆனா 2 வருஷத்துக்குள்ள போகணும். தேவைப்பட்டா பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. கம்பெனியே நீதிபதியா இருக்கிற ஆட்டம் அங்கேதான் முடியும்.

வாரண்டி கார்டுல பொடி எழுத்துல நாற்பது நிபந்தனை அச்சடிக்க இடம் இருக்கு. "மறுத்தால் காரணத்தை ஆதாரத்துடன் தருவோம்"னு நாற்பத்தி ஒண்ணாவதா ஒரு வரி சேர்க்கவும் இடம் இருக்கும்.

டிஸ்கி: சர்வீஸ் சென்டர்ல போன் எடுக்கிற பையனைத் திட்டாதீங்க மக்களே. அந்த ஒரு வரியை எழுதினது அவன் இல்லை.