நர்சிங் படிக்க எந்த குரூப்? ஆம்பூர், வேலூர் மாணவிகள் பிளஸ் ஒன் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில வாரங்களில் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்துவிடும். அந்த அவசரத்தில் எடுக்கும் குரூப்தான், இரண்டு ஆண்டு கழித்து ஒரு மாணவி பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘பயாலஜி கஷ்டம், காமர்ஸ் எடுத்தா பாஸாவது ஆயிடலாம்’ என்று முடிவெடுத்துவிட்டு, பிளஸ் டூ முடித்தபின் நர்சிங் விண்ணப்பம் பற்றி விசாரித்தால் தாமதமாகிவிடும்.

ஏன் இந்தப் பகுதிக்கு இது முக்கியம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் பள்ளி முடித்த பெண்ணுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் வேலை ஷூ கம்பெனிதான். ஆனால், அந்த வேலை வெளிநாட்டு ஆர்டரை நம்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, தோல், காலணி ஏற்றுமதியும் அதில் சிக்கியது. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும். ஷிப்ட் குறைந்தால் வீட்டு வருமானம் குறையும்.

இன்னொரு பக்கம், இதே வட்டாரத்தில்தான் நர்சிங் கல்விக்கு நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது. ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் 1909-ல் செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகளில் ஒன்றும் 1946-ல் அங்கேதான் தொடங்கியது.

எந்த குரூப் எடுக்க வேண்டும்?

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேர பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மூன்றிலும் சேர்த்து குறைந்தது 45 சதவீதம் தேவை. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40 சதவீதம். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இதன்படி பார்த்தால்:

• கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: நர்சிங்குக்கும் போகலாம், இன்ஜினீயரிங்குக்கும் போகலாம்.

• இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்: கணக்கு வராத மாணவிக்கு ஏற்றது. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலாகக் கணக்கிடப்படும்.

• கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ்: இதுவும் அறிவியல் குரூப்தான். ஆனால் உயிரியல் இல்லாததால் பி.எஸ்சி. நர்சிங்குக்குச் செல்லாது. பல பெற்றோர் தடுமாறும் இடம் இது.

• காமர்ஸ், கலைப் பிரிவு: பி.எஸ்சி. நர்சிங்குக்கு வழியில்லை.

பெயரிலேயே நர்சிங் உள்ள தொழிற்கல்விப் பிரிவு சில பள்ளிகளில் உண்டு. பெயரை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. பி.எஸ்சி.க்குக் கேட்கப்படும் மூன்று அறிவியல் பாடங்களும் மார்க் ஷீட்டில் வருமா என்று தலைமை ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டும்.

பாஸ் மார்க் போதுமா?

போதாது. 45 சதவீதம் என்பது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்திவருகிறது. அரசுக் கல்லூரி இடம் குறைவு, போட்டி அதிகம். சி.எம்.சி. போன்ற நிறுவனங்களின் சேர்க்கை முறை தனி. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இடம் குறைவு என்பது இந்தப் பகுதிக்கு இன்னும் பொருந்தும். 2014-க்குப் பிறகு வந்த அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பங்கு 11. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரியே இல்லாததால், அவை அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. ஆம்பூர் மாணவி அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் வெளியூர் போகத்தான் வேண்டும்.

பயாலஜி இவ்வளவு அவசியமா?

அமெரிக்காவில் நர்சிங் சேர விரும்புவோர், பள்ளி முடித்த பிறகுகூட உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் பாடங்களைக் கல்லூரியில் தனியாகப் படித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். 30 வயதிலும் அது முடியும். இங்கே அந்தப் பாடங்கள் பி.எஸ்சி.க்கு உள்ளேயே வருகின்றன. ஆனால் உள்ளே நுழையும் தகுதி 15 வயதில் எடுக்கும் குரூப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

பாடச் சுமையும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. 2021-ல் மாற்றப்பட்ட செமஸ்டர் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வருகின்றன. இரண்டாவதில் உயிர்வேதியியல், மூன்றாவதில் நுண்ணுயிரியலும் மருந்தியலும். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியிலோ உருது வழியிலோ படித்த மாணவி, உயிரியல் சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகினால் முதலாண்டு திணறல் பாதியாகக் குறையும்.

காமர்ஸ் எடுத்துவிட்டவர்களுக்கு?

கதவு முழுக்க மூடிவிடவில்லை. மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்றுதான் நர்சிங் கவுன்சில் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. பிளஸ் டூ-வில் 40 சதவீதமும் ஆங்கிலத் தேர்ச்சியும் தேவை. அதை முடித்துப் பதிவு செய்த பிறகு, இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் பெறலாம். ஆனால் அரசுப் பள்ளிகள், தனியார் நிறுவனங்களின் நிபந்தனை மாறலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

‘பத்தாவது போதும், ஒரே வருஷத்துல நர்ஸ்’ என்ற விளம்பரங்களில் எச்சரிக்கை தேவை. அந்தச் சான்றிதழால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவருக்கு அரசு செவிலியர் பணியும் இல்லை, செவிலியராக வெளிநாட்டு வேலையும் இல்லை. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

செலவுக்கு என்ன வழி?

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது பின்னர் விரிவாக்கப்பட்டது. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு இது ஈடாகாது. பஸ், புத்தகச் செலவுக்குக் கைகொடுக்கும்.

பக்கத்துப் பள்ளியில் உயிரியல் குரூப் இல்லையென்றால், இருக்கும் குரூப்பில் சேர்ந்துவிடுவதற்கு முன் அடுத்த ஊர்ப் பள்ளியில் விசாரித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கடந்துவிட்டால் குரூப் மாறுவது கடினம். இரண்டு ஆண்டு பஸ் பயணம் சிரமம்தான். ஆனால் தகுதிப் பாடம் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால், எவ்வளவு மார்க் இருந்தாலும் பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் ஏற்கப்படாது.