காரில் இருந்த கையுறை

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தட்டில் வைத்த மீன்குழம்பும் சோறும் அப்படியே இருந்தன. என்னவென்று கேட்டேன். "பதவி உயர்வு இந்த வருடமும் இல்லை மாமா" என்றான். மேலாளர் விடுப்பில் போனால் பிரிவையே இவன்தான் பார்த்துக்கொள்வான். அவர் திரும்பி வந்ததும் பழையபடி இரண்டாம் ஆள்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கிரிக்கெட் கதை சொல்ல வரும். பாப் டெய்லரின் கதையைச் சொன்னேன்.

இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் 1941-ல் பிறந்தவர் டெய்லர். 1961 முதல் 1984 வரை டெர்பிஷயர் கவுண்டியின் விக்கெட் கீப்பர். அது பெரிய பேரெடுத்த அணி அல்ல. கவுண்டி சாம்பியன் பட்டத்தை அது வென்றதே ஒரு முறைதான், 1936-ல். அங்கேதான் டெய்லர் ஸ்டம்புகளுக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்து காலத்தைக் கழித்தார்.

விக்கெட் கீப்பர் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இளவயதில் எங்கள் வாரக்கடைசி அணிக்கு நான்தான் கீப்பர். வலது சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது. ஒரு நாளில் 100 ஓவர் என்றால் 600 தடவை உட்கார்ந்து எழ வேண்டும். பிடித்த பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. விட்ட ஒரு கேட்சை மட்டும் தேநீர் நேரம் வரை பேசுவார்கள்.

டெய்லருடைய கைகளுக்கு இங்கிலாந்தில் மதிப்பு இருந்தது. ஆனால் அதே காலத்தில் கென்ட் அணியில் ஆலன் நாட் இருந்தார். அவரும் அருமையான கீப்பர்; மட்டை பிடிப்பதில் டெய்லரை விடப் பல படி மேல். 1971-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் டெய்லருக்கு முதல் டெஸ்ட் கிடைத்தது. அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 1977 டிசம்பரில், லாகூரில். நாட் கெர்ரி பேக்கரின் தொடருக்குப் போனதால் வந்த இடம் அது. அப்போது டெய்லருக்கு வயது 36. பலர் மூட்டை கட்டும் வயது.

அதற்குப் பிறகு அவர் ஆடிய டெஸ்டுகள் 56. 1980-ல் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்டில் 10 கேட்ச் பிடித்தார். அன்றைக்கு அது உலக சாதனை. அதே ஆட்டத்தில் அவர் ஆட்டமிழந்ததாக நடுவர் கைதூக்க, பந்து மட்டையில் படவில்லை என்று நினைத்த நம் விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். அப்போது இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தவித்துக்கொண்டிருந்தது. இயன் போத்தமும் டெய்லரும் சேர்ந்து 171 ஓட்டம் எடுத்தார்கள். இந்தியா தோற்றது. ஆனாலும் விஸ்வநாத்தின் அந்தச் செயலை இன்றும் பேசுகிறோம்.

ஓய்வு பெறும்போது முதல்தர ஆட்டங்களில் டெய்லர் வீழ்த்தியவர்கள் 1,649 பேர். எந்த விக்கெட் கீப்பரும் அதை இன்றுவரை தாண்டவில்லை.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. 1986 ஜூலை, லார்ட்ஸ் மைதானம். நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்து கீப்பர் புரூஸ் பிரெஞ்சுக்குத் தலையில் அடி. டெய்லர் அப்போது ஆட்டக்காரர் அல்ல. ஆதரவு தந்த காப்புறுதி நிறுவனத்தின் விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். வயது 45. ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டார்கள். நியூசிலாந்து அணித் தலைவரும் சம்மதித்தார். உடைகளை யார் யாரிடமோ இரவல் வாங்கினார். கையுறை மட்டும் அவருடையது. அது காரில் இருந்தது! உள்ளே போய் ஒரு குறையும் இல்லாமல் கீப்பிங் செய்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் அணிக்கு என்னைவிட நல்ல கீப்பர் ஒருவன் வந்த வாரமே, கோபத்தில் கையுறையை யாருக்கோ கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

கதை முடிந்ததும் தங்கை மகன் நிமிர்ந்து பார்த்தான். "டெய்லருக்கு முன்னால் நாட் இருந்தார், சரி. என் மேலாளர் நாட் இல்லையே மாமா?"

நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "அப்படியென்றால் வேறு இடம் தேடு, தப்பில்லை. டெய்லரும் சும்மா காத்திருக்கவில்லை; டெர்பிஷயரில் தினமும் ஆடிக்கொண்டிருந்தார். நீ இருந்தாலும் சரி, போனாலும் சரி, கோபத்தில் கையுறையை மட்டும் விட்டுவிடாதே."

ஒன்றும் சொல்லாமல் சிரித்தான். அப்புறம் குழம்பைச் சூடாக்கித் தரச் சொன்னான்.